கடைசி ஆள் வந்து சேரும்வரை

சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கூட்டமாகச் சேர்த்துவைப்பதில் நட்பைவிடக் காற்றுக்கே பங்கு அதிகம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் தனியாகப் போகும் ஒருவருடைய உழைப்பில் பத்தில் ஏழெட்டுப் பங்கு எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. முன்னால் போகிறவரின் பின்சில்லை ஒட்டிப் போனால் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மிச்சம். அதனால்தான் முன்னால் இழுப்பவர் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்கு வருகிறார், அடுத்தவர் அந்த இடத்தை எடுக்கிறார். பக்கத்தில் வருபவரின் முகமே பிடிக்காவிட்டாலும் அவர் முதுகை விட மனம் வராது. விட்டால் நட்டம் தனக்குத்தான். இனி அதே கூட்டத்தை நூற்றுக்கு எட்டு என்ற சாய்வில் ஏறும் ஒரு தோட்டத்துப் பாதைக்குக் கொண்டுவாருங்கள். வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு விழுந்துவிடும். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த ஏற்றத்தில் ஏறத்தாழ 190 வாட் சக்தியைச் செலவிடுகிறார் என்றால், காற்றுக்குப் போவது ஐந்து வாட்கூட இல்லை. கிட்டத்தட்ட முழுவதையும் புவியீர்ப்பு வாங்கிக்கொள்கிறது. அதை யாரும் யாருக்காகவும் மறைத்து நிற்க முடியாது.

பதுளையில் சைக்கிள் கழகம் என்று ஒன்றைப் பற்றி யோசிக்கிற எவரும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சமதரைக் கழகத்தைச் சுயலாபமே பாதி கட்டிப்போட்டுவிடும். மலையில் அந்தக் கயிறு கிடையாது. பலசாலி பலவீனரோடு சேர்ந்து போவதால் அவருக்கு ஒரு வாட்கூட மிச்சமாகாது, நேரம்தான் நட்டம். ஆகவே ஊவாவின் மலைகளில் ஒரு கூட்டம் கூட்டமாகவே இருக்கிறது என்றால், அப்படி இருக்க அது தீர்மானித்திருக்கிறது என்று பொருள். அந்தத் தீர்மானத்தின் ஒரே வெளித்தெரியும் வடிவம், மேலே போனவர் நின்று காத்திருப்பது. இந்த மாகாணத்தில் அப்படி உருவாகிற எந்தக் கழகத்தையும் அதன் வேகத்தாலோ உறுப்பினர்களின் சைக்கிள் விலையாலோ அளக்கக் கூடாது, அது யாருக்காகக் காத்திருக்கிறது என்பதால் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே கடைசியாக வருகிறவர் பெரும்பாலும் மூச்சுத் திணறுகிறவராக மட்டும் இருக்க மாட்டார். கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளில் தோட்டத்து லயத்திலிருந்து வருகிற பையனாக இருப்பார்.

மாவட்டத்தின் அமைப்பே கூட்டத்தைப் பிரிப்பதற்கென்று போட்டதுபோல இருக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் மேலே. ஹாலிஎல, தெமோதரை, கும்பல்வெல சந்தி வழியாகப் பண்டாரவளைக்கு 30 கிலோமீற்றரளவு ஓடினால் 1,230 மீற்றரில் நிற்போம். அங்கிருந்து ஹப்புத்தளை இன்னும் இருநூறு மீற்றர் உயரம். ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட் வரை தேயிலை மலைகளுக்குள் ஏறும் பாதை 1,900 மீற்றரையும் கடந்துவிடும். இப்படியான ஏற்றத்தில் பத்துப் பேர் ஒன்றாகப் புறப்பட்டால் முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் பத்துப் பேரும் பத்து வளைவுகளில் இருப்பார்கள். பேச்சு முதலில் நிற்கும், பிறகு ஒருவரையொருவர் பார்ப்பதும் நிற்கும். உச்சிக்கு முதலில் போனவர் வியர்வையில் நனைந்த சட்டையோடு ஹப்புத்தளைப் பனிமூட்டத்தில் கால்மணி நேரம் நிற்பது இலேசான காரியமில்லை. உடம்பு குளிர்ந்து கால் தசை இறுகிவிடும். ஆகவே கடைசி ஆள் வளைவில் தலைகாட்டியதும் என்ன நடக்கிறது? “வந்தாச்சு, போவம்” என்று எல்லோரும் பெடலில் கால் வைத்துவிடுகிறார்கள். கால்மணி நேரம் ஓய்வெடுத்தவர்கள் புறப்பட, ஓய்வே இல்லாமல் ஏறி வந்தவர் மறுபடியும் மிதிக்க வேண்டும். உலகம் முழுக்கச் சைக்கிள் கூட்டங்களில் நடக்கும் அநியாயம் இது. காத்திருந்தோம் என்ற திருப்தி காத்திருந்தவர்களுக்கு; காத்திருந்ததன் பலன் ஒரு துளிகூட வந்தவருக்கு இல்லை. எப்போது புறப்படுவது என்பதைக் கடைசியாக வந்தவரே சொல்வார், ஒரு பிளேன்ரீ குடித்து முடித்தும் சொல்லலாம் என்ற ஒற்றை விதி இருந்தாலே கழகத்தின் குணம் மாறிவிடும்.

மலையில் கூட்டுக்கே இடமில்லை, அது தனி ஆளின் களம் என்று சொல்பவர்கள் தொழில்முறைப் பந்தயங்களைக் காட்டுவார்கள். அங்கேயே அவர்களுக்குப் பதிலும் இருக்கிறது. பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் மலை நாட்களில் முன்னணி ஏழெட்டுப் பேரைத்தான் தொலைக்காட்சி துரத்துகிறது. பின்னால் அரைமணி நேரத் தொலைவில் இன்னொரு கூட்டம் வரும். சமதரை வேகக்காரர்கள், காயம்பட்டவர்கள், தலைவருக்காக உழைத்துத் தீர்ந்தவர்கள் என்று எதிரெதிர் அணிகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி ஏறும் அந்தக் கூட்டத்தை இத்தாலியர்கள் க்ருப்பெத்தோ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் பஸ் என்பார்கள். வென்றவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் என்று ஓர் எல்லை உண்டு. அதற்குப் பின்னால் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அனுபவஸ்தர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து வேகத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதற்கு அடங்கி ஏறுவார்கள். 2011ஆம் ஆண்டு கலிபியே மலை முடிவிடத்துக்கு 88 பேர் எல்லை தாண்டி வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரையும் நீக்கினால் பந்தயமே காலியாகிவிடும் என்பதால் நடுவர்கள் புள்ளிகளைக் குறைத்துவிட்டு ஓட அனுமதித்தார்கள். தனியாக வந்திருந்தால் ஒவ்வொருவரும் போயிருப்பார்கள். அங்கேயும் சுயலாபம் இருக்கிறதே என்று கேட்கலாம், இருக்கிறதுதான். ஆனால் அது காற்று தருகிற லாபம் அல்ல, எண்ணிக்கை தருகிற பாதுகாப்பு. தோட்டத் தொழிலாளருக்கு இந்த வகைக் கணக்கை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காத்திருத்தலை விதியாக்கினால் திறமைசாலிகள் மழுங்கிவிடுவார்கள் என்ற கவலையை மதிக்க வேண்டும். இந்த நாட்டுச் சைக்கிளோட்டத்துக்கு ஒரு பந்தய மரபு இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் மொரிஸ் குமாரவேல் ஓடினார். விமானப்படை ஆண்டுதோறும் நடத்தும் நாடளாவிய ஓட்டம் இன்றும் பெயர் பெற்றது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் மரதனுக்கு அடுத்த மதிப்பு சைக்கிள் ஓட்டத்துக்குத்தான். மலையகத்துப் பிள்ளை ஒருத்தி அந்த வரிசைக்குப் போக வேண்டுமென்றால் யாருக்காகவும் நிற்காமல் மிதிக்கும் நாட்கள் அவளுக்கு வேண்டும். அதற்கு வாரத்தில் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம், அதே ஏற்றத்தில் கீழே திரும்பி வந்து இரண்டாம் முறை ஏறலாம். காத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை, குளிரும் தெரியாது. வேகக்காரர்கள் மட்டும் மிஞ்சிய கழகங்களின் கதி நமக்குத் தெரிந்ததே: முதல் வருடம் முப்பது பேர், மூன்றாம் வருடம் ஐந்து பேர், பிறகு ஒரு வட்ஸ்அப் குழு.

இதைவிட அடிப்படையான மறுப்பு, மலைநாட்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்பது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாழ்க்கையின் உறுப்பு. தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்காலத்தில் விறகிலிருந்து நோயாளி வரை எல்லாவற்றையும் அதுவே சுமந்தது. ரியூஷன் முடிந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளின் கூட்டத்தைவிடப் பழைய சைக்கிள் கழகம் நம்மிடம் ஏது? மலையகத்திலோ நடைதான். லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடை, மலைக்கு நடை, கொழுந்து மடுவத்துக்கு நடை, பாடசாலைக்கும் கோயிலுக்கும் நடை. சரிவு சைக்கிளை உள்ளே விடவில்லை என்பது உண்மை. ஆனால் அது கியர் இல்லாத காலத்து உண்மை. தோட்டத்துப் பாதைகளைப் போட்டவர்கள் மாட்டுவண்டியும் பிறகு லொறியும் ஏறுவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றிச் சாய்வைக் குறைத்தே போட்டார்கள். செங்குத்தாக ஏறுபவை தொழிலாளர் குறுக்கே போட்டுக்கொண்ட ஒற்றையடிப் பாதைகள். ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அழைக்கப்படும் ருவாண்டாவிலும் தேயிலை விளைகிறது, தலைநகர் கிகாலி பண்டாரவளையைவிட உயரம். அங்கே சைக்கிள் சரக்கு வண்டியாகவும் டக்சியாகவும் ஓடி, அந்த மிதியிலிருந்தே பந்தயக்காரர்களும் உருவாகி, 2025 செப்டெம்பரில் ஆபிரிக்காவின் முதல் உலக வீதிச் சைக்கிளோட்டச் சம்பியன்பட்டப் போட்டி அந்த நகரத்திலேயே நடந்தது. மலை தடை என்றால் அங்கேயும் தடையாக இருந்திருக்க வேண்டும்.

மலை தடையில்லை என்றால் பணம் தடைதான். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம், 2026 வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபா. கொழுந்து நிறை குறைந்த நாளில் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. ஒரு சாதாரண கியர் சைக்கிள் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சவாரி யாருடைய பொழுதுபோக்கு? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாக ஊடகவியலாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார். அவர்களில் விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் இருந்தார்கள். எல்லோரிடமும் சைக்கிள் இருக்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1992இல் பெண்கள் தினத்தையொட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூட்டமாக ஊருக்குள் ஓட்டிவந்தபோது, அதுவரை தனியாக ஓட்டிய பெண்ணைக் கேலி பேசிய வாய்கள் என்ன செய்வதென்று தெரியாமல் போயின.

அந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னாளில் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டாம்நிலைப் பாடசாலையில் சேரும் மாணவிகளின் தொகை அதனால் 32 சதவீதம் கூடியது, ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பணத்தின் பெறுமதியை மீறிய இந்தப் பலனுக்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் கிடைத்ததால் கூட்டமாகப் போனார்கள், கூட்டமாகப் போனதால் பயம் குறைந்தது என்பது. தனி ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சைக்கிளை அண்ணன் ஓட்டியிருப்பான். பதுளைக் கழகம் ஒன்று ஐந்தாறு பொதுச் சைக்கிள்களை வைத்து, தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் கிரிக்கெட் மட்டையும் வலைப்பந்தும் இருக்கும் அறையில் அவற்றை நிறுத்தினால் நான்கு லயத்துப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள், நகரத்து வியாபாரிகள், ஆசிரியர்கள் என்று பழைய சைக்கிளை மாற்றிப் புதிது வாங்குகிறவர்கள் உள்ள ஊரில் இது எட்டாத ஏற்பாடல்ல. டயரும் ரியூப்பும் பிரேக் கட்டையும்தான் ஓயாத செலவு, அதைக் கழகச் சந்தா சுமக்க வேண்டும்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்த வாதம் ஓரிடத்தில் தடுக்கிவிழுகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. சைக்கிள் கழகங்களின் வழக்கமான நேரம் ஞாயிறு காலை ஆறு மணி. தோட்டத்துப் பெண்ணுக்கு ஞாயிறு என்பது ஒரு கிழமை உடுப்பைக் கழுவுவதற்கும் விறகு பொறுக்குவதற்கும் சந்தைக்குப் போவதற்கும் கிடைக்கும் ஒரே நாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் எடு என்று அவளிடம் கேட்பது அவளைக் கடைசி ஆளாகவும் மதிக்காமல் விடுவதுதான். புதுக்கோட்டையில் சைக்கிள் பெண்களின் வேலையைக் குறைத்தது, தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அதில் ஏறின. ஞாயிற்றுச் சவாரி எந்த வேலையையும் குறைக்காது. அவர்களுடைய மகள்மாரிடமிருந்து, பாடசாலை விட்ட பின்னேரத்திலிருந்து, தொடங்கலாம் என்பதே இப்போதைக்குச் சொல்லக்கூடியது. தாய்மாரைப் பொறுத்தவரை கழகத்திடம் விடை இல்லை. அது வீட்டுக்குள்ளே ஆண்கள் சொல்ல வேண்டிய விடை.

இன்னொரு பக்கம், ஊவாவில் சைக்கிள் ஏற்கெனவே வந்துவிட்டது, சுற்றுலாவோடு. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் எல்லவிலும் ஹப்புத்தளையிலும் வாடகைக்கோ சொந்தமாகவோ ஓட்டுகிறார்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ நடைபாதையின் 22 பகுதிகளில் பல இந்த மாவட்டத் தோட்டங்களுக்குள்ளேதான் போகின்றன. வருமானம் வரட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சவாரியில் தோட்டம் ஒரு காட்சி. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணும் காட்சியில் சேர்த்தி. பிரித்தானியாவில் 1894இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் கழகத்துக்காரர்களும் வார இறுதியில் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போனவர்கள்தான். அவர்கள் போகும்போது தங்கள் சோசலிசப் பத்திரிகையையும் துண்டுப்பிரசுரங்களையும் கட்டிக்கொண்டு போனார்கள், கிராமத்துச் சந்தியில் நின்று பேசினார்கள், திட்டும் வாங்கினார்கள். அந்த அரசியலை அப்படியே இங்கே எடுத்துவர வேண்டும் என்பதில்லை. கிராமத்தில் நின்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நகரத்துக் கழகம் லயத்து வாசலில் நிற்காமல் கடந்துபோனால், அது உள்ளூர்க் கழகமாக இருந்தும் சுற்றுலாப் பயணிதான்.

ஆபத்தைப் பற்றிய மறுப்பைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்கள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் நடந்த பஸ் விபத்தை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு 27 கிலோமீற்றருக்குள் எண்ணூறு மீற்றருக்கு மேல் இறக்கம். சைக்கிளோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் காற்று வாங்கியது போக மீதியை இரண்டு சோடி ரப்பர்க் கட்டைகள் தாங்க வேண்டும். தொடர்ந்து பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ரியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஏறும்போது ஒட்டி இருக்கச் சொன்ன கழகமே இறங்கும்போது கூட்டத்தை உடைக்கச் சொல்ல வேண்டும்: ஒற்றை வரிசை, ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி, வளைவில் முந்துதல் கிடையாது, ஆறேழு பேருக்கு மேல் ஒரு தொகுதி இல்லை. இறக்கத்திலும் மெதுவாக வருகிறவர் உண்டு, பிரேக் தேய்ந்தவர் உண்டு. அவர்களுக்காகக் கீழேயும் நிற்க வேண்டும். ஆபத்து இருக்கிறதே, தனியாகப் போகலாமே என்றால், 13ஆம் கட்டை வளைவில் சங்கிலி அறுந்து நிற்கும் ஒருவரைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்து வாழும் மாவட்டத்தில் இப்படியொரு கழகம் இன நல்லுறவை வளர்க்கும் என்று சொல்லி நிதி கேட்கலாம், பலர் கேட்பார்கள். அவ்வளவு பாரத்தைச் சைக்கிளில் ஏற்றாமல் இருப்பது நல்லது. குழியைக் கண்டால் சிங்களத்தில் ஒருவர் கத்துவார், பஸ் வருவதைத் தமிழில் இன்னொருவர் சொல்வார், எல்லோருக்கும் விளங்கும். கூட்டத்துக்கு அது போதும். லயத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே கழகத்தில் இருப்பதுதான் இதைவிடக் கடினம். தமிழர்களுக்குள்ளேயே பதுளை நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பாதை யாருடையது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. தோட்டத்துக்குள் ஓட வேண்டுமானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், சில இடங்களில் கேற் பூட்டியிருக்கும். இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவுசெய்கிற மக்களின் வாசலுக்கு அந்தச் சபையால் ஒரு மதகுகூடப் போட முடியாத நிலை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் கொஸ்லந்தையிலும் உள்ளே போகப் போகப் பாதை குழியும் கல்லும்தான். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மிக மோசமாகத் தாக்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவுகள் பல பாதைகளைத் துண்டித்தன. லொறிக்காரர் ஒரு பாதையை ‘போகலாம்’, ‘போக முடியாது’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். சைக்கிள்காரருக்கு எந்த வளைவில் கொங்கிரீட் வெடித்திருக்கிறது, எந்த மதகில் மழைநீர் பாதைக்கு மேலால் பாய்கிறது, எந்த இடத்தில் ஓரம் சரிந்து வருகிறது என்பது சில்லு வழியாகவே தெரியும். மாதம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொண்டு ஓடுகிற கழகம், தன் கடைசி ஆள் எங்கெங்கே இறங்கித் தள்ளினார் என்பதைக் கட்டை எண்ணோடு எழுதிப் பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்லை சபைகளின் மாதாந்தக் கூட்டங்களுக்குக் கொடுக்கலாம். அந்தப் பாதையில் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் அதே இடங்களில்தான் இறங்கித் தள்ளுகிறார்கள்.